செலினின் நோட்டும் சனிக்கிழமை ஒன்பதரையும்

என் வழியனுப்புக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: “சார், வாசகர்களுக்குப் போகிற மின்மடலை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அனுப்பினால் நல்லது?” தட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். “செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் அதைக் குறித்துக்கொண்டீர்கள். எனக்கு அன்றே உறுத்தியது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் கிடந்தவன், ஜாதகம் பார்த்துச் சொல்கிறவன் மாதிரி ஒரு கிழமையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

உண்மையான பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பொறாமைக்காரன். பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு பாராட்டு வந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. உங்களில் சிலருக்கு வந்த நல்ல பெயரைப் பார்த்தும் வயிறெரிந்திருக்கிறேன். யார் யார் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொறாமைகளுக்கெல்லாம் மூத்தது, செலின் மேல் எனக்கு வந்த பொறாமை.

தொண்ணூறுகளின் கடைசி. கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில், ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. மாடிப்படி ஏறும்போதே யூரியா நாற்றம் கூடவே ஏறும். அதை நடத்தியவர் வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எங்களுக்கு அவர் ‘சார்’. அங்கே ஆபீஸ் மேசைகளில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, நம் ஊர்ப் பையன்கள் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஊரை நினைத்து ஏங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். வாரம் ஒரு தடவை ஊர்ச்செய்தியை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றார். ரப்பர் என்ன விலை, எந்தக் கோயிலில் உற்சவம், எந்தச் சர்ச்சில் பெருநாள், யாருக்குக் கல்யாணம், யார் செத்துப்போனார். எழுத்துருக்கள் ஒழுங்காக வராத காலம் அது. ஆங்கில எழுத்தில், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, நாங்கள் பேசுகிறபடியே தட்டி அனுப்புவோம்.

வேலைக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு கடிதம், ஒரு முகவரிப் பட்டியல். கிழக்கே குன்னத்துகால் பக்கம் என்னுடையது. நான் அந்த ஊர்க்காரன். கடற்கரைப் பக்கம், குளத்தூரிலிருந்து கோட்டுகால் வரைக்கும், செலினுடையது. அவள் குளத்தூரில் கடலை ஒட்டிய வீட்டுப் பெண். அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். என்னைவிட ஆறு மாதம் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவள் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். அன்று அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கம்ப்யூட்டர்கள் நாலு இருந்தாலும் தொலைபேசி லைன் ஒன்றுதான். மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமென்றால் அந்த லைனில் மோடத்தை மாட்ட வேண்டும். மாட்டியிருக்கும் நேரமெல்லாம் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இப்போது யார் திறந்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எந்த வரியில் விரல் வைத்தார்கள் என்பதெல்லாம் திரையில் தெரிகிறது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. யாராவது பதில் எழுதினால் படித்தார்கள் என்று அர்த்தம். அந்தப் பதில்களை அச்செடுத்து மேசையில் இருக்கும் கம்பியில் குத்தி வைக்கச் சொல்லியிருந்தார் சார். கடைகளில் பில் குத்துவார்களே, அந்தக் கம்பிதான். எனக்கு ஒன்று, செலினுக்கு ஒன்று. என் கம்பியில் வாரக் கடைசியில் நாலோ ஐந்தோ தாள் இருக்கும். அவள் கம்பியில் நுனி மட்டும்தான் வெளியே தெரியும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவள் எழுதுவது என்னைவிட நன்றாகவும் இருக்காது. நான் ரப்பர் விலையை எழுதினாலும் நாலு நையாண்டியோடு எழுதுவேன். அவள் நேராக எழுதுவாள்: இன்னாருக்குக் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். அதற்கு எட்டுப் பேர் நன்றி எழுதுவார்கள். ஒருவன், “சேச்சி, உங்க எழுத்தைக் கண்டாதான் எனக்கு வாரம் தொடங்கும்” என்று எழுதியிருந்தான். அதைச் செலின் வெளியே போயிருந்தபோது கம்பியிலிருந்து உருவிப் படித்துவிட்டு, திரும்பக் குத்தும்போது வேண்டுமென்றே அடியில் குத்தினேன்.

எழுத்தில் வித்தியாசம் இல்லையென்றால் நேரத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நீங்களும் இப்படித்தான் முடிவு செய்கிறீர்கள், தெரியும்.

நான் அதுவரை வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் வெள்ளிக்கிழமை நல்ல நாள், ராகு காலம் தொடங்குவதற்கு முன்னால் அனுப்பிவிட்டால் திருப்தி. ஒருநாள் சார் என் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எலே, அங்க வெள்ளியாழ்ச்ச ஆபீசு உண்டா? எல்லாவனும் ரூமுல கிடந்து உறங்குவான். நீ அனுப்புனது ஒரு நாளு முழுக்கக் கிடக்கும். அதுக்கு மேல அவனுக்க கூட்டுக்காரனுவ அனுப்புன சிரிப்புக் கதை முப்பது வந்து விழும். சனியாழ்ச்ச வந்து திறக்கும்போ மேல இருந்துதான் திறப்பான். நீ அடியில கிடப்ப.”

“அப்ப எப்பம் சார் அனுப்பணும்?”

“அவன் வந்து நாற்காலியில இருக்குக நேரம் பார்த்து விழணும். சனியாழ்ச்ச அங்க எட்டு மணின்னா இங்க ஒம்பதரையாக்கும்.”

சனிக்கிழமை ஒன்பதரை. எனக்கு மந்திரம் கிடைத்த மாதிரி இருந்தது. அடுத்த சனிக்கிழமை அனுப்பினேன். ஏழு பதில் வந்தது. அதற்கடுத்த வாரம் ஒன்பது. என் கம்பியை அவள் கண்ணில் படும்படி மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன். அந்த வாரம் அவளுக்குப் பத்தொன்பது.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது என்னவென்றால், அவளுக்கென்று ஒரு நேரமே இல்லை. ஒரு வாரம் சனிக்கிழமை பத்து மணிக்கு அனுப்புவாள். ஒரு வாரம் திங்கள் மத்தியானம். ஒரு தடவை செவ்வாய் சாயங்காலம் அனுப்பினாள். நான் ஒரு காகிதத்தில் அவள் அனுப்பும் நேரங்களை ரகசியமாகக் குறித்துவந்தேன். நட்சத்திரம் பார்க்கிறாளா என்றுகூடச் சந்தேகப்பட்டு, சர்ச்சுக்குப் போகிற பெண் நட்சத்திரம் பார்ப்பாளா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அதைத் திறந்து விரலை வைத்து வரிசையாகப் பார்ப்பாள். பிறகு சில நாள் அனுப்புவாள். சில நாள், “இன்னைக்கு வேண்டாம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மூடிவிடுவாள். மேசையில் வைக்க மாட்டாள். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பையில் போட்டுவிடுவாள். அந்த நோட்டில்தான் நேரத்தின் சூட்சுமம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “செலினே, நீ எந்த டைமு பார்த்து அனுப்புக?”

“டைமா?” என்று அவள் யோசித்தாள். “நான் கேட்டுட்டு அனுப்புவேன் அண்ணா.”

“ஆருகிட்ட?”

“வீடுகள்ளதான்.”

என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். சாம்பாருக்கு என்ன போடுவாய் என்று கேட்டால் உப்பு என்று பதில் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் செலினின் பஸ் ஒன்பதேமுக்கால் வாக்கில்தான் பாறசாலைக்கு வரும். நான் ஒன்பதேகாலுக்கே வந்து மோடத்தை மாட்டி, ஒன்பதரைக்கு என் கடிதத்தை அனுப்பி முடிப்பேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் லைனைக் கழற்ற மாட்டேன். வெறுமனே மாட்டியபடியே பத்தரை, பதினொன்று வரைக்கும் வைத்திருப்பேன். அவள் கேட்டால், “போய்க்கொண்டே இருக்கு” என்பேன். அந்த நல்ல நேரம் அவளுக்குக் கிடைக்கக்கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு குளத்தூர் வழியாகத் திரும்பினேன். முக்கில் கறுப்புக்கொடி கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால் ரோட்டு முக்கில் கறுப்புக்கொடி கட்டி, செத்தவரின் படத்தை நகலெடுத்து அதன் கீழே ஒட்டுவார்கள். படத்தில் இருந்தவர் லாசர். சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர், அந்தக் கரையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அடக்கம் ஞாயிறு மாலை நாலு மணி என்று போட்டிருந்தது.

நான் பஸ்சிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தபோது மனதில் முதலில் வந்தது இரக்கம் அல்ல. இது செலினின் பக்கத்துச் செய்தி, அவளுக்கு முன்னால் நான் போடுகிறேன் என்பதுதான் வந்தது.

மறுநாள் ஒன்பதேகாலுக்குச் சென்டரில் இருந்தேன். கடிதத்தின் தலைப்பிலேயே லாசரின் சாவை வைத்தேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செலினின் முகவரிப் பட்டியலும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவளுடைய ஆட்களுக்கும் அந்தச் செய்தி என்னிடமிருந்துதான் போகட்டும் என்று, அந்தப் பட்டியலையும் சேர்த்துக்கொண்டேன். சரியாக ஒன்பதரைக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். வழக்கம்போல லைனை மாட்டியே வைத்தேன்.

பத்து நிமிடத்தில் பதில்கள் வரத் தொடங்கின. அய்யோ, நம்ம லாசரண்ணனா என்று ஒருவர். ஆண்டவர் ஆத்துமாவுக்குச் சாந்தி தரட்டும் என்று இருவர். நான் ஒவ்வொன்றாக அச்செடுத்துக் கம்பியில் குத்தினேன். ஐந்து, ஏழு, பதினொன்று. ஒரு சாவுச் செய்திக்கு நான் விசிலடித்துக்கொண்டே தாள்களைக் குத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, அப்போது நடந்தது அதுதான்.

பன்னிரண்டாவது பதில் ஒரே வரி.

‘இது எனக்க அப்பனா? வீட்டுல ஆசுபத்திரியிலன்னுதானே பறஞ்சாவ?’

அனுப்பியவர் பெயர் ஸ்டீபன். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கிளார்க். செலினின் பட்டியலில் இருப்பவன்.

நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடாவில் இருப்பவனின் அப்பாவோ அம்மாவோ செத்துப்போனால் நாங்கள் போனில் செத்துப்போனார் என்று சொல்வதில்லை. “கொஞ்சம் சுகமில்லை, ஆசுபத்திரியில் இருக்கு, நீ ஒண்ணு வந்துட்டுப் போ” என்போம். அவன் தனியாகக் கிடந்து கதறக்கூடாது. விமானத்தில் நாலு மணி நேரம் அந்தப் பாரத்தோடு உட்காரக்கூடாது. கூட வருவதற்கு ஒரு கூட்டாளியை ஏற்பாடு செய்வார்கள். அவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். வீட்டு வாசல் வந்து, அம்மாவின் கை எட்டுகிற தூரத்தில்தான் சொல்வார்கள். என் சித்தப்பா செத்தபோது மஸ்கட்டில் இருந்த அவர் மகனிடம் போனில் அந்தப் பொய்யைச் சொன்னவனே நான்தான். அப்படிப்பட்ட எனக்கு, அனுப்பும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. பத்திரிகையிலும்தான் மரணச் செய்தி போடுகிறார்கள். ஆனால் அந்தப் பத்திரிகை வளைகுடாவில் கைக்குக் கிடைப்பதற்குள் மகன் ஊருக்கு வந்து சேர்ந்திருப்பான். காரில் கூட்டிவரும் மாமாவைவிட வேகமாக ஓடக்கூடிய ஒன்றை முதன்முதலாகக் கையில் வைத்திருந்தவர்கள் நாங்கள்தான்.

மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய உடனே போன் அடித்தது.

“அண்ணா, செலினாக்கும். பூத்துல இருந்து விளிக்கேன். ஒரு மணிக்கூறா அடிச்சுட்டு இருக்கேன், எங்கேஜ்டு, எங்கேஜ்டு. அந்த லாசர் மாமனுக்க காரியம் மட்டும் போடாண்டாம் கேட்டியளா. ஸ்டீபனுக்கு இன்னும் வீட்டுல சொல்லல. உச்சைக்குப் பிளைட்டு ஏறுதான்.”

நான் கம்பியில் குத்தியிருந்த தாள்களைப் பார்த்தேன்.

“அண்ணா? போட்டியளா?”

“போட்டாச்சு.”

“உங்க ஆளுவளுக்கு மட்டும்தானே? அவனுக்குப் போவாதுல்லியா?”

“போச்சு” என்றேன். “நான் வாறேன்” என்று வைத்துவிட்டாள்.

அவள் வருவதற்குள் எனக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. மறுபடியும் லைனை மாட்டி, ஸ்டீபனுக்கு ஒரு பதில் தட்டினேன்: ‘பயப்படாதே, இது வேறு லாசர்.’ வீட்டுக்காரர்கள் சொன்ன அதே பொய்தானே, நான் சொன்னால் என்ன? சாயங்காலம் வரைக்கும் அவன் தாங்கிக்கொள்ள இது போதும். அனுப்புவதற்கு விரலை வைத்துவிட்டு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் படியேறி வந்து திரையைப் பார்த்தாள். ஆட்டோவில் வந்திருந்தாள், தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது.

“இதை அனுப்பியாச்சா?”

“இல்லை.”

“அனுப்பாண்டாம். வீட்டுக்காரவ பொய் சொன்னா அவிய அவன பிடிக்கதுக்குப் பக்கத்துல வந்து நிப்பாவ. நம்ம சொன்னா ஆரு நிப்பா?”

“பின்ன என்ன பதிலு போடணும்?”

“பதிலு என்னத்துக்கு? அவன் அங்க தனியா இருக்கான். ஒரு ஆளு போவட்டு.”

பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். இத்தனை மாதம் நான் எட்டிப் பார்க்கத் துடித்த நோட்டு. முதல் தடவையாக என் முன்னால் விரிந்து கிடந்தது. வரிசையாக முகவரிகள். ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே நேரம் எழுதியிருப்பாள் என்று நினைத்திருந்தேனே, ஒரு நேரமும் இல்லை. ஆள் பெயர்கள் இருந்தன. ‘அஜ்மானில் மூத்த அக்கா’. ‘ஒரே ரூமில் இருக்கிற சித்தி மகன்’. ‘போனில் அம்மாதான் சொல்லணும், வேறு யாரும் சொல்லக்கூடாது’. இவனுக்கு ஒன்று நடந்தால் யார் சொல்வார் என்கிற பட்டியல் அது. சில வரிகளுக்குப் பக்கத்தில் ‘சொல்லியாச்சு’ என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோடு விழும்வரை அவள் கடிதம் போகாது. கடைசி வீடு ‘சொல்லியாச்சு’ என்று சொன்ன நேரம் எதுவோ, அதுதான் அவள் அனுப்பும் நேரம். நான் காகிதத்தில் குறித்துவைத்த திங்களும் செவ்வாயும் எல்லாம் அதுதான்.

ஸ்டீபன் பெயருக்கு எதிரே ‘பிரான்சிஸ்’ என்று எழுதி ஒரு எண் இருந்தது. கூட வரவிருந்த கூட்டாளி. செலின் மோடத்தின் வயரைக் கழற்றிவிட்டு, சாரின் மேசைக்குப் போய், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எண்ணைச் சுழற்றினாள். பிரான்சிஸ் வேலை செய்யும் கடையில் யாரோ எடுத்தார்கள். அவனைக் கூப்பிட இரண்டு நிமிடம் ஆயிற்று. செலின் அழவில்லை, சத்தம் போடவில்லை. “பிரான்சிசே, அவன் அறிஞ்சுட்டான். பாஸ்போர்ட்டு வாங்க ஆபீசுக்குப் போயிருப்பான். நீ இப்பமே போ. இனி அவன விட்டு மாறாண்டாம்” என்றாள்.

அங்கே கம்பெனிகள் வேலைக்காரர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அதை வாங்கத்தான் ஸ்டீபன் காலையிலேயே ஆபீஸ் போயிருக்கிறான். மேனேஜர் வரும்வரை காத்திருக்கும்போது, சும்மா இருக்க முடியாமல் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறான். சரியாக எட்டு மணி. என் கடிதம் மேலேயே கிடந்திருக்கிறது. நான் ஆசைப்பட்ட இடத்தில், ஆசைப்பட்ட நேரத்தில்.

பிரான்சிஸ் போனபோது ஸ்டீபன் ஆபீஸ் மாடிப்படியில், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். இருவரும் விமானம் ஏறினார்கள் என்று மத்தியானம் தகவல் வந்தது. செலின் நாற்காலியில் சாய்ந்து, அப்போதுதான் தண்ணீர் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணா, அந்த லைனு எதுக்கு அவ்வளவு நேரம் எங்கேஜ்டு ஆயிருந்தது?”

“மெயிலு மெதுவாப் போச்சு” என்றேன்.

“சே, நம்ம லைனுக்க ஒரு கதி” என்றாள். நம்பிவிட்டாள். அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் நடந்ததைச் செலின்தான் பிறகு சொன்னாள். அவள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அது. கூட்டிவரப் போன மாமா, “ஒண்ணுமில்ல மக்கா, அப்பனுக்குக் கொஞ்சம் கூடுதலாக்கும், டாக்டரு பார்க்காரு” என்றாராம். ஸ்டீபன் தலையாட்டினானாம். கறுப்புக்கொடி கட்டிய முக்கு வழியாகப் போனால் படத்தைப் பார்த்துவிடுவான் என்று மாமா வண்டியைச் சுற்று வழியாகக் கொண்டுபோயிருக்கிறார். அப்போது அவன், “எதுக்கு மாமா இந்த வழி?” என்று கேட்டானாம். ஒன்றும் தெரியாதவன் எப்படிக் கேட்பானோ அப்படி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரான்சிசுக்கு அந்தக் கேள்விதான் தாங்கவில்லையாம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டானாம். வாசலில் அம்மா வந்து மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அப்பன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு மக்கா” என்று சொன்னார். அவன் அப்போதுதான் கேட்டவன் மாதிரி அம்மாவின் காலடியில் விழுந்தான். பத்து மணி நேரம் அவன் அதை அடக்கி வைத்திருந்தான், அம்மா சொல்லட்டும் என்று.

ஞாயிறு அடக்கத்துக்கு நானும் போனேன். கூட்டத்தின் பின்னால், தென்னை மறைவில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

சார் என்னைத் திட்டவில்லை. என் கம்பியிலிருந்து அந்தச் சனிக்கிழமைத் தாள்களை உருவி மடித்து, “இதை வீட்டுக்குக் கொண்டுபோ” என்று என் கையில் கொடுத்தார். திங்கள்கிழமை முதல் இரண்டு கடிதமும் ஒன்றாகும், நான் எழுதலாம், ஆனால் செலின் சொல்லாமல் போகக்கூடாது என்றார். என்னைவிட ஆறு மாதம் பிந்தி வந்தவளிடம் நான், “இன்னைக்கு அனுப்பலாமா?” என்று கேட்டு நிற்க வேண்டும். நின்றேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். தப்பு செய்தால் போய்விடுகிற சாமான் இல்லை அது.

பத்து நாள் கழித்து, திரும்பிப் போவதற்கு முன்னால், ஸ்டீபன் எங்கள் மாடிக்கு வந்தான். பத்து நாள் தாடி வளர்ந்திருந்தது. வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அந்த லெட்டரு ஆரு எழுதுனது?”

அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தயாராக இருந்தேன். ஆனால் வாய் வரவில்லை. அதற்குள் செலின் எழுந்து, “நாங்க ரெண்டு பேருமாக்கும்” என்றாள்.

“அம்மைக்குத் தெரியாண்டாம். அவிய சொன்னப்பதான் நான் அறிஞ்சேன்னு அவிய நினைக்காவ. அது அப்படியே இருக்கட்டு” என்றான். பிறகு படியிறங்கிப் போய்விட்டான். அந்த இடத்தில்கூட எனக்குள் என்ன தோன்றியது தெரியுமா? இவளுக்கு மட்டும் எப்படி அந்த வார்த்தை உடனே வருகிறது என்று தோன்றியது.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை. ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“செலின் உண்டா மக்கா?”

“பஸ்சு வரல அம்மா. ஒரு கால் மணிக்கூறு ஆவும். என்கிட்ட சொல்லலாமே.”

“நான் குளத்தூரு லாசருக்க வீட்டுக்காரியாக்கும். எனக்க மவளுக்கு ஆம்பிளப் பிள்ளை பிறந்திருக்கு. ஸ்டீபனுக்கு நானே விளிச்சுச் சொல்லியாச்சு. அதைச் செலின்கிட்ட சொல்லணும். பரவாயில்ல, அவ வரட்டு, அவகிட்டயே சொல்லுகேன்.”

“நானும் இங்கதானம்மா வேலை பார்க்கேன். எழுதிக்கிடுகேன்.”

“இல்ல மக்கா, தப்பா நினைக்காண்டாம். அவகிட்ட சொன்னாதான் எனக்கு நிம்மதி. எனக்க மாப்பிள மரிச்சப்ப, நான் எனக்க வாயால மவன்கிட்ட சொல்லுகது வர அவ அந்த லெட்டரைப் போடாம வெச்சிருந்தா. எந்தப் பிள்ளை அப்படிக் காக்கும், சொல்லு?”

அந்தக் கடிதம் போய்விட்டது அம்மா, நான்தான் அனுப்பினேன், அவள் தடுக்கக் கூப்பிட்டபோது லைனைப் பிடித்து வைத்திருந்தவனும் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அம்மைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி, ஒப்புக்கொள்ளும் அந்த வழியையும் ஸ்டீபன் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிருந்தான். நடக்காத ஒன்றுக்காகச் செலினுக்கு நன்றி வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டு எனக்கு வயிறெரிந்தது.

“சரி அம்மா, அவ வந்ததும் விளிக்கச் சொல்லுகேன்” என்று வைத்தேன்.

மணி ஒன்பதரை. ஷார்ஜாவில் எட்டு. அந்த வாரக் கடிதம் திரையில் தயாராக இருந்தது, நான் எழுதியதிலேயே நல்ல கடிதம். மோடத்தின் வயரை லைனில் மாட்டாமல் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்தேன். வீடுகளிலிருந்து வருகிற போனுக்கு லைன் காலியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, செலினின் பஸ் வருகிறதா என்று பார்க்கப் படியிறங்கினேன்.